உரோம இலக்கமும் எங்கள் தொண்ணூறும்

(எமது சங்கத்தின் தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேசியபடியே இங்கு தரப்படுகிறது.)

  

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். நான் பேச்சாளன் இல்லை. ஊரில் ஏ.எல். வரை கணிதப் பிரிவில் படித்தேன். கம்பஸ் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும். இப்போது பக்டரியில் இரவு வேலை. போன மாதம் செயலாளர் அண்ணை டெலிபோன் எடுத்து, "தம்பி, பெற்றோர் கூட்டத்தில பிள்ளையளின்ர படிப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைக்க வேணும்" என்றார். "அண்ணை, எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்டேன். "அப்ப உனக்குத் தெரியாமல் போன ஒண்டைப் பற்றிக் கதை" என்றார்.

ஆகவே எனக்குத் தெரியாமல் போன ஒன்றைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். அதுதான் உரோம இலக்கம்.

என் மூத்த மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். இங்கிலாந்தில் 2014 இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, பிள்ளைகள் மூன்றாம் ஆண்டில் உரோம இலக்க மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்லப் பழக வேண்டும். நான்காம் ஆண்டில் நூறு வரை வாசிக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் ஆயிரம் வரை வாசிப்பதோடு, வருடங்களையும் அடையாளம் காண வேண்டும். இது எனக்கு முன்னமே தெரியாது. ஒரு நாள் பின்னேரம் நான் வேலைக்கு வெளிக்கிட்டுக் கொண்டிருக்கும்போது மகள் ஒரு தாளைக் கொண்டு வந்தாள். 8, 40, 49, 90, 99 ஆகிய எண்களை உரோம இலக்கத்தில் எழுத வேண்டுமாம்.

எனக்கு நல்ல சந்தோசம். ஏ.எல். கணிதம் படித்தவனுக்கு இது ஒரு கணக்கா? 8 என்றால் VIII. 40 என்றால் XL. 90 என்றால் XC. இந்த மூன்றும் சரி. 49 என்றால் ஐம்பதில் ஒன்று குறைவுதானே, IL என்று எழுது என்றேன். 99 என்றால் நூறில் ஒன்று குறைவு, IC என்று எழுது என்றேன். பிள்ளை எழுதிக்கொண்டு போனாள். அடுத்த நாள் இரண்டு பிழையோடு வந்தாள்.

"அப்பா, அப்பிடி எழுதேலாதாம். டீச்சர் சொன்னவ."

"ஏன் எழுதேலாது? அம்பதில ஒண்டு குறைஞ்சா நாற்பத்தொன்பது தானே!"

நான் விடவில்லை. பிள்ளையோடு வாதாடினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

அடுத்த கிழமை தாள் வரவில்லை. நான் இரவு வேலை முடித்து வந்து படுத்திருக்கிறேன். அன்றைக்குப் பள்ளிக்கூட விடுமுறை. அடுத்த அறையில் மனைவி, "அப்பா எழும்பினாப் பிறகு அவரிட்டக் காட்டன்" என்கிறா. மகள் சொல்கிறாள்: "வேண்டாம் அம்மா. அப்பாவுக்குப் பிழையாத்தான் வரும்."

பிள்ளைக்கு எட்டு வயது. அவள் கோபத்தில் சொல்லவில்லை, மழை பெய்யுது என்று சொல்வது போலத்தான் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. இங்கே இருக்கிற பலருக்கும் இது நடந்திருக்கும். எங்களுக்கு இங்கிலீசு தடக்குகிறது. பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்குப் போனால் பிள்ளைதான் எங்களுக்கு மொழிபெயர்க்கிறது. கணக்கு ஒன்றுதான் எனக்கு மிச்சம் இருந்தது. அதுவும் போச்சுதே என்று நித்திரை வரவில்லை.

எனக்கு ஏன் தெரியாமல் போனது என்று யோசித்துப் பார்த்தேன். ஊரில் உரோம இலக்கத்தைக் காணாமல் இருக்கவில்லை. சோதனை வினாத்தாளில் I, II என்று இருக்கும். இரசாயனவியலில் இரும்பு(II), இரும்பு(III) என்று எழுதினோம். பொற்றாசியம் பரமங்கனேற்றில் மங்கனீசின் ஒட்சியேற்ற எண் VII. எங்களுக்கு அதற்கு மேலே பெரிதாகத் தேவைப்படவில்லை. சின்ன இலக்கம் தெரிந்ததை வைத்துக்கொண்டு பெரிய இலக்கமும் தெரியும் என்று நினைத்து விட்டேன். அதுதான் பிழை.

பிறகு வேலையிடத்தில் சாப்பாட்டு இடைவேளைகளில் கடதாசி மட்டையில் எழுதி எழுதிப் பழகினேன். பழகியதை இப்போது உங்களுக்குச் சொல்லுகிறேன். பேனை இருக்கிறவர்கள் எடுங்கோ.

மொத்தம் ஏழு எழுத்து. I ஒன்று, V ஐந்து, X பத்து, L ஐம்பது, C நூறு, D ஐந்நூறு, M ஆயிரம். இதில் I, X, C, M ஆகிய நான்கையும் மூன்று தரம் வரை அடுத்தடுத்து எழுதலாம். V, L, D மூன்றையும் ஒரு தரத்துக்கு மேல் அடுக்கக் கூடாது. இரண்டு ஐந்து பத்துத்தானே, அதற்குத்தான் X இருக்கிறதே.

பெரிய எழுத்துக்குப் பின்னால் சின்ன எழுத்து வந்தால் கூட்ட வேண்டும், VI ஆறு. முன்னால் வந்தால் கழிக்க வேண்டும், IV நான்கு. ஆனால் கண்டபடி முன்னால் வைக்கக் கூடாது. I என்பது V க்கும் X க்கும் முன்னால் மட்டும் வரும். X என்பது L க்கும் C க்கும் முன்னால் மட்டும். C என்பது D க்கும் M க்கும் முன்னால் மட்டும். ஆக ஆறே ஆறு சோடி: IV 4, IX 9, XL 40, XC 90, CD 400, CM 900. நான் எழுதிய IL, IC இரண்டும் இந்த ஆறுக்குள் இல்லை.

ஏன் இல்லை என்பதுதான் முக்கியம். நாங்கள் ஒன்றினிடம், பத்தினிடம், நூறினிடம், ஆயிரத்தினிடம் என்று பிரிக்கிறோம் அல்லவா? உரோம இலக்கத்தையும் அப்படியே பிரித்து, ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போக வேண்டும். 49 என்றால் முதலில் நாற்பது, XL. பிறகு ஒன்பது, IX. சேர்த்தால் XLIX. 99 என்றால் தொண்ணூறு XC, ஒன்பது IX. சேர்த்தால் XCIX. குறுக்கு வழி கிடையாது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். ஒன்றினிடத்துக்கு I, V, X. பத்தினிடத்துக்கு X, L, C. நூறினிடத்துக்கு C, D, M. மூன்றுக்கும் ஒரே தாளம்தான், எழுத்து மட்டும் மாறுது. VIII எழுதத் தெரிந்தால் LXXX எழுதலாம், DCCC எழுதலாம். ஒன்று முதல் ஒன்பது வரை வடிவாகப் பழகிய பிள்ளைக்கு மிச்சமெல்லாம் அதேதான்.

என் பிறந்த வருடம் 1988. ஆயிரம் M, தொள்ளாயிரம் CM, எண்பது LXXX, எட்டு VIII. சேர்த்து எழுதினால் MCMLXXXVIII. 2025 என்றால் MMXXV. 1888 ஐ எழுதிப் பாருங்கோ: MDCCCLXXXVIII, பதின்மூன்று எழுத்து. 2009 க்கு நாலே நாலு எழுத்து: MMIX. வருடத்தின் பாரத்துக்கும் எழுத்தின் நீளத்துக்கும் சம்பந்தம் இல்லை. இந்த முறையில் மேலே கோடு எதுவும் போடாமல் எழுதக்கூடிய ஆகப் பெரிய எண் 3999, MMMCMXCIX. அதற்கு மேலே போனால் எழுத்தின் தலையில் ஒரு கோடு போட்டு ஆயிரத்தால் பெருக்கினார்கள்.

இப்போது சிலர் கேட்பீர்கள், "எங்கட வீட்டு மணிக்கூட்டில நாலுக்கு நாலு கோடெல்லோ போட்டிருக்கு?" என்று. சரிதான். கனக்க மணிக்கூடுகளில் IIII என்றுதான் இருக்கும். இலண்டன் பிக் பென் மணிக்கூட்டிலோ IV என்று போட்டிருக்கிறார்கள். பிள்ளை அதைப் பிழை என்று நினைக்கக் கூடாது. நான் சொன்ன விதிகளெல்லாம் பிற்காலத்தில்தான் இப்படி இறுகியவை. அந்தக் காலத்து உரோமர்கள் இரண்டு விதமாகவும் எழுதினார்கள். உரோம் நகரத்தில் கி.பி. 80 இல் திறந்து வைத்த கொலோசியம் என்ற பெரிய விளையாட்டரங்கில் வாசல்களுக்கு இலக்கம் வெட்டியிருக்கிறார்கள். சனங்கள் தங்கள் வாசலைத் தேடிப் போகத்தான். அதில் நாற்பத்துநாலாம் வாசலில் XLIIII என்று இருக்கிறது. நாற்பதைக் கழித்து எழுதியிருக்கிறார்கள், நாலைக் கூட்டி எழுதியிருக்கிறார்கள், ஒரே கல்லில்! ஜேர்மனியில் சன்ரன் என்ற ஊரில் கிடைத்த ஒரு போர்வீரனின் நினைவுக்கல்லில் பதினெட்டாம் படைப்பிரிவை XIIX என்று வெட்டியிருக்கிறது. அவர்களுடைய இலத்தீன் மொழியில் பதினெட்டுக்குச் சொல்லே "இருபதில் இரண்டு குறைய" என்றுதான் வரும். வாயால் சொன்னதைக் கல்லில் வெட்டி விட்டார்கள்.

இனி என்னுடைய இரண்டாவது பிழையைச் சொல்ல வேண்டும்.

நான் வேலை செய்யுமிடத்தில் ரப்பர் வளையங்களை அளவுப்படி பெட்டியில் அடைப்போம். அளவுக்கு ஏற்றபடி பெட்டியில் I இலிருந்து XII வரை முத்திரை குத்துவோம். ஒரு நாள் இரவு ஒரு அடுக்குப் பெட்டியைத் தலைகீழாக அடுக்கி விட்டேன். IX ஐத் தலைகீழாகப் பார்த்தால் என்ன? XI! ஒன்பதாம் அளவுப் பெட்டிகளைப் பதினோராம் அளவோடு ஏற்றி விட்டேன். காலையில் வந்தவர்கள் கண்டுபிடித்து, எல்லாப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டி வந்தது. சுப்பவைசர் "யார் செய்தது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். நல்ல ஏச்சு விழுந்தது. ஏசி முடிய, "இலக்கத்துக்கு அடியில ஒரு கோடு போட்டால் எந்தப் பக்கம் மேல் என்று தெரியும்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன். 6 க்கும் 9 க்கும் கீழே கோடு போடுவது போலத்தான். இப்போது அந்தக் கோடு போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்து இதை மகளுக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சொல்லாமல் விட்டிருக்கலாம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக எழுதித் தலைகீழாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, II மாறாது. XX மாறாது. XIX உம் மாறாது!" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அன்றைக்கு இரண்டு பேரும் ஒரு மணித்தியாலம் மேசையில் இருந்தோம். கனநாளைக்குப் பிறகு.

நான் சரியாகச் சொல்லிக் கொடுத்த நாளில் அல்ல, என் பிழையை ஒத்துக்கொண்ட நாளில்தான் பிள்ளை கிட்ட வந்தாள். இதைப் பெற்றோர்களுக்காகச் சொல்லுகிறேன்.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் தமிழ்ப் பாடசாலையில். ஆசிரியை சொல்வதெழுதுதல் வைத்திருக்கிறா. எண்ணைத் தமிழில் சொல்ல, பிள்ளைகள் இலக்கத்தில் எழுத வேண்டும். தொண்ணூற்றொன்பது என்று சொல்ல, மகள் 109 என்று எழுதி வைத்திருக்கிறாள். தொள்ளாயிரத்துக்கு 1000 போட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வீட்டுக்கு வந்து அழுகை. "அதில நூறு எண்டு கேட்டது அப்பா. நூறும் ஒன்பதும் நூற்றொன்பது தானே?"

நான் ஏச வாயெடுத்து விட்டு நிறுத்தினேன். பிள்ளை சொல்வதில் என்ன பிழை? தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு இருக்கிறதுதானே. தொள்ளாயிரத்துக்குள் ஆயிரம் இருக்கிறதுதானே. முப்பத்தேழு வருடமாகச் சொல்லுகிறேன், ஒரு நாளும் கவனிக்கவில்லை. இருபது, முப்பது, நாற்பது என்று எண்பது வரைக்கும் பத்தை வைத்துச் சொல்லிக்கொண்டு வருகிறோம். தொண்ணூறில் மட்டும் பத்தை விட்டுவிட்டு நூறைப் பிடிக்கிறோம். இருநூறு, முந்நூறு என்று எண்ணூறு வரைக்கும் நூறு. அடுத்தது தொள்ளாயிரம்.

மகள் தாளில் 80, 90, 100 என்று எழுதிப் பக்கத்தில் LXXX, XC, C என்று எழுதினாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தாள். "அப்பா, தொண்ணூறும் XC மாதிரித்தான். நூறு இருக்கு, ஆனா நூறு இன்னும் வரேல்லை" என்றாள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உண்மைதான். LXXX இல் பத்துகள். XC இல் C வந்துவிட்டது. DCCC இல் நூறுகள். CM இல் M வந்துவிட்டது. உரோமன் கல்லில் எழுதியதை நாங்கள் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவனுக்கும் எங்களுக்கும் இதில் கொடுக்கல் வாங்கல் இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்பதாவது படியில் நிற்கிறவன் மேலே இருக்கிற படியைப் பார்த்துத்தான் பேசுகிறான், அது எல்லா மனிதனுக்கும் பொது. அதற்குப் பிறகு மகளுக்குத் தொண்ணூறு பிழைத்ததில்லை.

எழுத்திலும் எங்களிடம் ஒரு முறை இருந்தது. பஞ்சாங்கத்திலும் பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் உள்ள தமிழ் இலக்கம். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனி எழுத்து, உரோமரைப் போலவே. ஆனால் முந்நூறு எழுத உரோமன் CCC என்று மூன்று தரம் எழுதினான். எங்கள் ஆட்கள் மூன்றை எழுதிப் பக்கத்தில் நூறை எழுதினார்கள்: ௩௱. தொண்ணூற்றொன்பது என்றால் ௯௰௯. 1988 என்றால் ௲௯௱௮௰௮. எவ்வளவு சுருக்கம் பாருங்கோ. இதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கோ. உரோம இலக்கம் பழகிய பிள்ளைக்கு இது அரை மணித்தியால வேலை.

இரண்டு முறைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. பூச்சியம் இல்லை. LXXXVIII ஐ XII ஆல் பெருக்கு என்றால் தாளில் நிரை நிரையாக எழுதிப் பெருக்க முடியாது. உரோமர்கள் பலகையில் கல்லை வைத்து நகர்த்தித்தான் கணக்குப் பார்த்தார்கள். அந்தச் சின்னக் கல்லுக்கு இலத்தீனில் கல்குலஸ் என்று பெயர். ஏ.எல். இல் எங்களை வாட்டி எடுத்த கல்குலஸின் பெயர் அதிலிருந்துதான் வந்தது! பூச்சியத்தோடு சேர்ந்த இலக்க முறை இந்தியாவில் வளர்ந்து அராபியர் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. பீசா நகரத்து பிபோனாச்சி வட ஆபிரிக்காவில் அதைப் பழகி 1202 இல் புத்தகம் எழுதினார். ஆனாலும் 1299 இல் புளோரன்ஸ் நகரத்தில் காசு மாற்றுகிறவர்களின் சங்கம், கணக்குப் புத்தகத்தில் புது இலக்கம் எழுதக் கூடாது என்று தடை போட்டது. புதிதாக வந்தவனை உடனே நம்ப மாட்டார்கள். இலக்கத்துக்கே அப்படி என்றால், எங்களுக்கு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் கடைசியில் உலகம் முழுவதும் எந்த இலக்கத்தில் கணக்குப் பார்க்கிறது?

கடைசியாக ஒரு சின்ன வேண்டுகோள். எங்கள் பிள்ளைகள் தமிழில் கதைத்துக்கொண்டு வந்து இலக்கம் வந்தவுடன் இங்கிலீசுக்குத் தாவி விடுகிறார்கள். "அம்மா, நைன்ரி பென்ஸ் தாங்கோ" என்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் கதைக்கிறோம். கடையில், பஸ்ஸில், மணிக்கூட்டைப் பார்க்கும்போது இலக்கத்தைத் தமிழில் சொல்லுங்கோ. அந்தச் சொல்லுக்குள்ளேயே கணக்கு இருக்கிறது.

வெளியே போனால் நின்று பாருங்கோ. சிவப்புத் தபால் பெட்டியில் EIIR என்று இருக்கும். நான் பல வருடமாக அதை ஏதோ தபால் இலக்கம் என்று நினைத்துக் கடந்து போனவன். அது இரண்டாம் எலிசபெத் மகாராணியின் அடையாளம். R என்பது இலத்தீனில் இராணியைக் குறிக்கும். 2022 க்குப் பிறகு வந்தது மூன்றாம் சாள்ஸ் மன்னரின் CIIIR. அதில் வருகிற C நூறு இல்லை, சாள்ஸ் என்ற பெயரின் முதலெழுத்து. பிள்ளையைக் கேட்டுப் பாருங்கோ, எது எழுத்து, எது இலக்கம் என்று. பழைய கட்டடங்களின் வாசலில் வருடம் வெட்டியிருக்கும். பிள்ளை வாசிக்கட்டும். உங்களுக்குத் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியேல்லை, வா இரண்டு பேரும் பார்ப்பம்" என்று சொல்லுங்கோ. அப்படிச் சொன்னதால் எனக்கு மரியாதை குறையவில்லை.

போன கிழமை மகள் புதுத் தாள் ஒன்றைக் கொண்டு வந்து என் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். "அப்பா, இதைப் பாருங்கோ. பிழை வந்தாலும் பரவாயில்லை" என்றாள்.

ஐந்து கணக்கு. ஐந்தும் சரி.